அப்பாவின் நம்பருக்கு முன்னால் ஒரு சைபர்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும்தான் என் படிப்பு. நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் இருக்கிறேன். ஆட்கள் வந்துபோகிற கணக்கு என்னுடையது. எங்கள் மில்லில் வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் வீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். டோக்கன் நம்பரும் இறந்தவருடையதுதான், முன்னால் ஒரு சைபர் மட்டும் சேர்ப்பார்கள். அட்டையில் எழுதிய காலத்தில் அதில் ஒரு சிக்கலும் இல்லை.

போன வருஷம் வாசலில் முகம் பார்க்கும் மெஷின் வைத்து, ஆபீசில் இருந்த பழைய புரோகிராமோடு இணைத்தார்கள். அதன்பிறகு அப்படிச் சேர்ந்த முதல் ஆள் வன்னியம்பட்டிப் பெண் ஒருத்தி. அப்பா 318, அவள் 0318. பயிற்சிக் காலம் முழுதும் விடாமல் வந்தால்தான் வேலை நிலைக்கும். அவளும் விடாமல் வந்தாள். பயிற்சி ஆட்களின் கணக்கைக் கடைசியில்தான் எடுப்போம். ஆனால் பயிற்சி முடியும் சமயத்தில் திரையில் பார்த்தால், ஒருநாள்கூட அவள் வந்ததாக இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்கிறவரை வரவழைத்தோம்.

"மெஷின் எழுத்தா அனுப்புதுண்ணே. பழைய புரோகிராம் எண்ணாத்தான் வாங்கும். எண்ணுக்கு முன்னால சைபர் நிக்காதுல்ல? உதுந்துரும். அவுக அப்பா கணக்குக்குப் போயிருக்கு. அது மூடுன கணக்கு, வெளிய தள்ளிருச்சு."

"மாத்த முடியாதா?"

"ஒண்ணத் தொட்டா ஒம்பது ஒடையும். புரோகிராம எழுதுனவரும் இப்ப இல்ல. புது நம்பர் குடுத்துருங்க."

போன நாட்கள் எங்கேயும் பதியவில்லை என்றார். அவள் தினமும் வந்ததை நான் பார்த்தேன் என்று மேனேஜரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நீங்க பாத்தா போதுமாய்யா? சிஸ்டம் பாக்கணும்ல."

அவளிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. கூட நின்ற பெண்களில் ஒருத்தி, "ஏட்டி, ஒனக்குப் பதிலா ஒங்கப்பாதான் வேலைக்கு வந்துருக்காரு" என்றாள். சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

"அப்ப நான் வந்ததெல்லாம்?"

"ஏறலம்மா. பயிற்சிய முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"நீங்க தெனமும் பாத்தீகள்லண்ணே?"

"பாத்தேன்."

கழுத்தில் கிடந்த 0318 டோக்கனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மில் பஸ்ஸில் வந்தாள். புது நம்பரை மெஷின் எடுத்துக்கொண்டது. பயிற்சி, முதல் நாள் என்று திரையில் வந்தது.