மண்டோர் வீட்டு வெள்ளைச் சோறு

அய்யாக்கண்ணு கள்ளு குடித்துத்தான் செத்தார் என்று சொல்கிறவர்கள் தண்ணீர்மலை அடிவாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அந்த மனிதர் வாழ்நாளில் கள்ளுக்கடை வாசலை மிதித்ததில்லை. அவர் வீட்டுக்குச் சில வீடுகள் தள்ளிக் குடியிருந்தவன் நான். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொன்னால் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜார்ஜ் டவுனை ஒட்டி நிற்கிற கொடிமலைக்கு ரயில் வருவதற்கு முன்னால், துரைமாரும் துரைசானிகளும் மேலே குளிர்ச்சி தேடிப் போனது நம் ஆட்களின் தோளில்தான். மூங்கில் தண்டு கட்டிய நாற்காலியை நான்கு பேர் தூக்குவார்கள். இன்னும் நான்கு பேர் கூடவே நடந்து தோள் மாற்றுவார்கள். அய்யாக்கண்ணு கப்பலேறிப் பைராம் தோட்டத்துக்குக் கரும்பு வெட்ட வந்தவர். அங்கே கரும்பை அழித்து ரப்பர் போட்டதும் ஜார்ஜ் டவுனுக்கு வந்து நாற்காலித் தண்டுக்குத் தோள் கொடுத்தார். ஆள் ஒன்றும் பயில்வான் இல்லை, ஒடிசல்தான். ஆனால் அவரைப் போல மூச்சு வாங்காமல் ஏறுகிறவர் அந்த மலையில் யாரும் கிடையாது.

ஏறும்போது அவர் வாய் ஓயாது. பாசாரில் என்ன மீன் வந்தது, போன வாரம் எந்தத் துரைசானி நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டாள் என்று ஏதாவது கதை ஓடிக்கொண்டே இருக்கும். முன்தண்டில் இருந்துகொண்டு பின்தண்டுக்காரரைக் கேள்வி கேட்பார். பதில் முழுசாக வர வேண்டும். வெறும் "ம்" என்று வந்தால் நடையைக் குறைத்துவிடுவார். மேலே உட்கார்ந்திருக்கிற துரை கத்தினாலும் சட்டை செய்வதில்லை.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. தின்கிற சோறு வயிற்றில் கரைந்து, சர்க்கரையாகி, இரத்தத்தில் சேர்கிறது. அதில் ஒரு பங்கு ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக ஒதுங்குகிறது. கால் வேலை செய்யும்போது தசை அந்தச் சர்க்கரையை எரிக்கிறது. எரிப்பதற்குக் காற்று வேண்டும். அதை நெஞ்சு இழுத்துக் கொடுக்க, இதயம் இரத்தத்தோடு சேர்த்துக் காலுக்கு அனுப்புகிறது. ஏற ஆரம்பித்த புதிதில் கால் கேட்கிற அளவுக்கு நெஞ்சால் கொடுக்க முடியாமல் மூச்சு முட்டும். கொஞ்சம் பொறுத்து நடந்தால் இரண்டும் சமமாகிவிடும். பிறகு உடம்பில் உள்ள கொழுப்பும் கூடவே எரிய, ஆள் நெடுநேரம் ஏறலாம். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் காற்று போதாமல் சர்க்கரை அரைகுறையாக எரிந்து, கால் கனத்துக் கடுத்துப்போகும். பேச்சு சீராக வருகிற வரைக்கும் காற்று போதுகிறது என்று அர்த்தம். அய்யாக்கண்ணுவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. பேசினால் களைப்புத் தெரியவில்லை, பேசினார்.

விடிகாலையில் அவர் சாப்பாடு புழுங்கலரிசிப் பழைய சோறும் நீராகாரமும். தொட்டுக்கொள்ள வெங்காயம், சுட்ட கருவாடு. பருப்பு மட்டும் தொடமாட்டார். பருப்பு தின்றால் வாயு பிடித்துக்கொள்ளும், ஏற முடியாது என்பது நாற்காலிக்காரர்கள் எல்லாருக்கும் இருந்த நம்பிக்கை. அந்தப் பழைய சோற்றை வைத்துக்கொண்டே பல வருடம் மலை ஏறினார். ஒரு நாள் அவரை மண்டோர் ஆக்கினார்கள். ஆட்களைச் சேர்ப்பதும் முறை வைப்பதும் அவர் பொறுப்பு என்றாலும், தண்டிலிருந்து தோளை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

வினை வந்தது மைத்துனர் ரூபத்தில். அவர் மனைவி நல்லம்மாளின் அண்ணன் திருநாவுக்கரசு துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி. கோட்டும் தொப்பியுமாகத் திரிகிறவர். மண்டோர் ஆன மாப்பிள்ளையைப் பார்க்க வந்து, இலை முன்னால் உட்கார்ந்து, சோற்றில் கை வைக்காமலே மூக்கைச் சுளித்தார்.

"என்னா மாப்ளே, மண்டோர் ஆயிட்டீங்க, வீட்டுல இன்னும் தோட்டத்துக் கூலி லயத்து வாடை போகலியே?"

"என்னா வாடை மச்சான்?"

"இந்தப் புழுங்கச் சோத்து வாடைலா. கோயில்ல சாமிக்கு யாராச்சும் புழுங்கல் படைக்கிறாங்களா? பச்சரிசிதானே! நாலு பேரு வந்து போற வீடு. கூலிக்காரன் சோத்தப் போட்டா நமக்கு என்னா மதிப்பு?"

அய்யாக்கண்ணு சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். நல்லம்மாளுக்குத்தான் சுருக்கென்று பட்டது. மறுநாளே பாசாருக்குப் போய், மில்லில் தீட்டிய சயாம் பச்சரிசி வாங்கி வந்தாள். கண்ணைப் பறிக்கிற வெள்ளை. கழுவுகிற தண்ணீர் தெளிகிற வரைக்கும் திரும்பத் திரும்பக் களைந்து, வடித்துப் போட்டாள். விலை அதிகம் என்பதால் தனக்கு வேறு பானையில் பழைய புழுங்கலையே பொங்கிக்கொண்டாள். கூட ஏதாவது கீரையும் பருப்பும் இருக்கும். கேட்டால், "அவுரு மலை ஏறுறவரு. நல்லதெல்லாம் அவுருக்கு. எனக்கென்னா, எதத் தின்னாலும் செரிக்கும்" என்பாள். பழைய சோறும் நீராகாரமும்கூடக் கௌரவக் குறைச்சலாகி, விடிகாலையில் கோப்பியும் ரொட்டியும் வந்தன.

நெல்லை அவித்து உலர்த்திக் குத்தினால், தவிட்டில் இருக்கிற ஒரு சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அவிக்காமல் மில்லில் தீட்டினால் அது தவிட்டோடு போய்ப் பன்றிக்குத் தீனியாகிறது. உடம்புக்கு அது கடுகளவுதான் தேவை. ஆனால் அந்தக் கடுகளவு இல்லாவிட்டால் சர்க்கரை தசையில் ஒழுங்காக எரியாது. அடுப்பில் விறகும் இருந்து, காற்றும் வீசி, தீ மட்டும் பிடிக்காத கதைதான். உட்கார்ந்து தின்கிறவனுக்கு இது மெதுவாகத் தெரியும். மலை ஏறுகிறவன் நிறைய எரிக்கிறவன், அவனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். கிராணி நாற்காலியில் உட்கார்ந்தபடி பருப்பும் ஆட்டுக்கறியும் சேர்த்துத் தின்றதால் அதே வெள்ளைச் சோறு அவரை ஒன்றும் செய்யவில்லை. மற்றவர்களுக்குப் புத்தி சொல்லத் தெம்பாகவே இருந்தார்.

சில மாதம் போயிற்று. ஒரு நாள் மலைப்பாதையில் பின்தண்டுக்காரர் கேட்டார், "என்னாண்ணே, இன்னிக்குப் பேச்சே காணோம்?"

"ம்" என்றார் அய்யாக்கண்ணு.

நாற்காலியைச் சுமந்த மற்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடையைக் குறைத்தும் அவருக்கு மூச்சு இரைத்தது. கெண்டைக்கால் இறுகிக் கல்லாக இருந்தது. பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்றார். இறங்கும்போது கால் படீர் படீர் என்று தரையில் அடித்தது. வீட்டில் நல்லம்மாள் வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். "ஆளு இளைச்சிட்டீங்க, சரியாச் சாப்புடுறதில்ல" என்று இன்னும் ஒரு கரண்டி வெள்ளைச் சோறு போட்டாள்.

மலைக்கு ரயில் போடுகிற வேலை மும்முரமாக நடந்த நேரம் அது. ரயில் ஓடத் தொடங்கினால் நாற்காலிகளுக்கு வேலை இல்லை. நாற்காலிக்காரர்கள் எங்கே போவது? சிமெண்டும் இரும்பும் மேலே ஏற்ற ஆள் எடுத்துக்கொண்டிருந்த கண்டிராக்டர் ஷேக் அலாவுதீன், நன்றாகச் சுமக்கிறவர்களை ரயில் ஓடும்போது நிரந்தர வேலையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அய்யாக்கண்ணுவுக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மறுபடி ரப்பர்த் தோட்டத்து லயத்துக்குப் போய் நிற்பதைவிடச் செத்துப்போகலாம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அந்த இரைப்பு நாலு நாளில் போய்விடும், அந்த மலையில் அவரைவிட நன்றாக ஏறுகிறவர் யாருமில்லை என்பதால் வேலை அவருக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தோம். யார் நன்றாகச் சுமக்கிறார் என்று சோதிக்கிற நாளன்று நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

சிமெண்டு மூட்டையை முதுகில் ஏற்றினார்கள். முதல் ஏற்றம் வரைக்கும் பழைய அய்யாக்கண்ணுவாகவே போனார். அந்தக் கொஞ்ச தூரத்துக்குத் தசையில் இருக்கிற கையிருப்பே போதும். அதற்கு மேல்தான் காற்றை வைத்து எரிக்க வேண்டும், அது அவர் உடம்பில் நடக்கவில்லை. வாயைப் பிளந்து காற்றை இழுத்தார். காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது, பலன் இல்லை. வளைவுக்கு முன்னால் முழங்கால் மடங்கி, மூட்டை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகச் சரிந்தார். பின்னால் வந்த பையன்கள் அவரைத் தாண்டி ஏறிப் போனார்கள்.

எழுந்து நின்றபோது தள்ளாடினார். ஷேக் அலாவுதீன் பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்தார்.

"காலையிலயே போட்டுட்டு வந்துட்டியா அய்யாக்கண்ணு?"

"அல்லா அறிய இல்ல நானா. கால்தான் கேக்க மாட்டேங்குது."

"உன் சாமிய வுட்டுட்டு என் அல்லாவ ஏன் இழுக்குறே? போ, வூட்டுல போய்ப் படு. உனக்கு இங்க வேலை இல்ல."

கூட்டம் சிரித்தது. தண்டுக்குத் தோள் கொடுத்த கூட்டாளிகளும் சிரித்தார்கள். அய்யாக்கண்ணு மூட்டையிலிருந்து சிந்திய சிமெண்டைக் கையால் தட்டிவிட்டு, பாதையோரமாகவே இறங்கிப் போனார். அவர் வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் அவர் குடித்துவிட்டு விழுந்த செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

கால் வீங்கத் தொடங்கியது. டவுனில் தனியாக மருந்துக்கடை வைத்திருந்த சந்திரசேகரனிடம் நல்லம்மாள் அழைத்துப் போனாள். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை, ஆனால் எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். காலை விரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"சீனனா இருந்தா பெரிபெரின்னு சொல்லிடுவேன். தமிழனுக்கு அது வராதுலா. நம்ம சோறு வேற, அவங்க சோறு வேற. உள்ளதச் சொல்லுங்க, கள்ளு எவ்வளவு?"

"அவுரு குடிக்க மாட்டாருங்க" என்றாள் நல்லம்மாள்.

"பொம்பளைங்க எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வீங்க" என்று பேதி மருந்தைக் கொடுத்தனுப்பினார். அந்த நோயைப் பற்றி அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தமிழர்களுக்கு அந்த நோய் வருவதில்லைதான், புழுங்கல் சோறு தின்கிற வரைக்கும். அய்யாக்கண்ணு வீட்டில் எந்த அரிசி வேகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

திருநாவுக்கரசு வந்து பார்த்துவிட்டு, படுத்துக் கிடக்கிறவருக்குப் பச்சரிசிக் கஞ்சிதான் ஏற்றது, வேறு எதுவும் கொடுக்காதே என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார். நம்மவர்கள் எந்த வீட்டிலும் நோயாளிக்கு அதைத்தான் கொடுப்போம். அண்ணன் சொன்னதைத் தங்கை தவறாமல் செய்தாள். காலையிலும் கஞ்சி, மாலையிலும் கஞ்சி. வீக்கம் வயிறு வரைக்கும் ஏறியது. படுத்தால் மூச்சு திணறுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருந்தார். நான் போனால் ஏதோ சொல்ல வாயெடுப்பார், பாதியில் நிறுத்திவிடுவார்.

கடைசியில் மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரெசராக இருந்த மீரா சாகிப்தான் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வீட்ல என்னா அரிசிம்மா?"

"பச்சரிசிதான் நானா. நல்ல ஒசந்த அரிசி."

"நீயும் அதானா?"

"இல்ல, எனக்குப் புழுங்கல். அவுருக்கு மட்டுந்தான் அது."

மீரா சாகிப் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்காரச் சொல்லி, மெதுவாக விஷயத்தைச் சொன்னார். தவிட்டை ஊறவைத்துக் கொடுப்போம், ஆனால் இதயம் ரொம்பக் கெட்டுப்போயிருக்கிறது, முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். நல்லம்மாள் அழவில்லை. "நானே களைஞ்சு களைஞ்சு போட்டேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் அய்யாக்கண்ணு போய்விட்டார். அந்த நெஞ்சு எத்தனை துரைமாரைச் சுமந்து ஏறியது, கட்டிலில் சும்மா சாய்ந்திருந்த உடம்புக்கு இரத்தம் தள்ள முடியாமல் நின்றது.

வீட்டில் சாவுக்கு வந்த பெண்கள் நல்லம்மாளை ஏற இறங்கப் பார்த்தார்கள். புருஷன் வீங்கிச் செத்துக் கிடக்கிறான், இவள் மட்டும் எப்படித் திடமாக இருக்கிறாள் என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். நல்லதையெல்லாம் தானே தின்றிருப்பாள் என்று ஒருத்தி முடித்தாள். நான் இருந்த இடத்திலிருந்து கத்தியிருக்கலாம். சாவு வீட்டில் ஆம்பளை கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

குளிப்பாட்டிக் கிடத்தி, வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். முறத்தில் பச்சரிசி இருந்தது. அதே சயாம் அரிசி, அவள் வீட்டு அரிசிப் பானையிலிருந்தே எடுத்தது. முதலில் நல்லம்மாளைக் கைபிடித்து அழைத்து வந்தார்கள். அவள் முறத்தைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"போடு தாயி" என்றார்கள்.

"மாட்டேன்."

"கட்டுனவனுக்கு வாய்க்கரிசி போட மாட்டேன்னா எப்புடி? பாவம்லா, போடு."

"நான் அவுருக்குப் போட்டது போதும்" என்றாள் நல்லம்மாள். திரும்பிச் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

கூடி நின்றவர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். ஆணவம் பிடித்தவள் என்றார்கள், மனசாட்சி இல்லாதவள் என்றார்கள். தூக்குவதற்கு நேரமாகிக்கொண்டிருந்தது. திருநாவுக்கரசு கோட்டுக் கையை மடித்து விட்டுக்கொண்டு முன்னால் வந்தார். முறத்திலிருந்து நிறைய அள்ளி, மாப்பிள்ளையின் வாயில் போட்டார்.