அப்பாவின் வேஷ்டியில் அம்மாவின் பேச்சு

ஓவியக் கல்லூரியில் கடைசி வருடக் கண்காட்சிக்கு எங்கள் வகுப்பு எடுத்துக்கொண்ட பொருள், எழுத்தும் வாசிப்பும். தொண்ணூறுகளின் கடைசி அது. மற்றவர்கள் பழைய பாடப்புத்தகங்களைக் கிழித்து ஒட்டினார்கள், பஸ் போர்டுகளைத் தேடி அலைந்தார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாசகர். அவர் வலியசாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அப்பா திருநெல்வேலியிலிருந்து உத்தியோகத்துக்காக இந்த மலையாள ஊருக்கு வந்தவர். தமிழ்ப் பேப்பர் வீட்டுக்கு வரும்வரை பொறுக்காமல் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கே போய் வாங்கிவருவார். தலைப்பிலிருந்து டெண்டர் விளம்பரம் வரை ஒரு வரி விடமாட்டார். வடை மடித்து வந்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசிப்பார். ஆனால் வீட்டில் யார் எது பேசினாலும் அவர் காதில் ஏறாது.

அம்மா அவரிடம் நேராக எதையும் சொன்னதில்லை. எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான். குறை இருந்தால் அடுப்பிடம் சொல்வாள், பாத்திரத்திடம் சொல்வாள், அல்லது என்னைப் பார்த்துக்கொண்டு அவருக்குக் கேட்கும்படி சொல்வாள். “ரெண்டு படி ஏறினா மாரை அடைக்கறது, யார்ட்ட சொல்றது?” “டாக்டர்ட்ட ஒருநா போணும். கூட்டிண்டு போக ஆள் வேணுமே.” முன்னறையில் பேப்பர் புரளும். நான் கூட்டிப்போகிறேன் என்றால், “நீ வேண்டாம். அவரா வான்னு சொல்லட்டும்” என்பாள். அது அவள் வீம்பு. அவராகச் சொல்லவேயில்லை. ஒருநாள் காலை துணி துவைக்கிற கல்லருகிலேயே விழுந்து போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒன்றையே சொன்னார். “நன்னாத்தான் இருந்தா. முடியலேன்னு ஒரு வார்த்தை பறஞ்சதில்லே.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. எல்லோரும் போனபிறகு, “அம்மா தினம் சொன்னாளே அப்பா” என்றேன். பேப்பர் புரண்டது.

காதில் விழாததைக் கண்ணிலாவது போடலாம் என்று நினைத்தேன். அம்மா சொன்னதையெல்லாம் சொன்னபடியே, அப்பாவின் பழைய வேஷ்டிகளில், கறுப்பு மையால், உள்ளங்கை அகல எழுத்தில் எழுதினேன். அவள் நீலம் போட்டு உலர்த்திய வேஷ்டிகள்.

கிளிப் வாங்க நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தோழிகள் வேஷ்டிகளைக் கயிற்றில் மாட்டிவிட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒன்று தலைகீழாகத் தொங்கியது. கழற்றப் போனவள், யாராவது கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். மதிப்பெண் போட வந்தவர் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். “இது வாயிக்கேண்டா, கண்டா மதி” என்றார். வாசிக்க வேண்டாமாம், பார்த்தால் போதுமாம். எங்கள் தெருப் பெண்களும் வந்தார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள். “அக்கா, எந்தா எழுதியிருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் டீ குடிக்கப் போனார்கள்.

கடைசி நாள் அப்பா ஆபீஸிலிருந்து நேராக, குடையும் பையுமாக வந்தார். உள்ளே நுழைந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “இது தலகீழான்னா தொங்கறது?”

இத்தனை பேரில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார், அதுவும் அவர். பக்கத்தில் நின்ற தோழியிடம் மலையாளத்தில் சொல்லி அவரே நேராக்க வைத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் தனியாக வாசிக்கட்டும் என்று நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன். ஒவ்வொரு வேஷ்டியின் முன்னாலும் நின்று நின்று நகர்ந்தார். ஓரிடத்தில் கரையைப் பிடித்து விரலால் நெருடிக்கொண்டே நின்றார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அடியே, இது நம்மாத்து வேஷ்டியாக்கும்!” என்று கூப்பிட்டார். “இன்னும் கொஞ்ச நாள் உடுத்திருக்கலாமே.”

தோழி கேமராவோடு வந்ததும் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, வேஷ்டிக்கு முதுகைக் காட்டி விறைப்பாக நின்றார்.

பஸ்ஸில் கேட்டேன். “வாசிச்சேளா அப்பா?”

“படம்னா பாக்கறதுக்குன்னா? வாசிக்கப் பேப்பர் இருக்கே. எழுத்து முத்து முத்தா இருந்தது.” டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அம்மா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா. பாவம், வாயைத் தொறந்து ஒண்ணும் பறயமாட்டா.”

அதன் பிறகு நான் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. வேஷ்டிகளை மடித்துக் கொண்டுவந்தேன். ஒன்றைக் கிழித்து ஈசிசேர் துடைக்க வைத்துக்கொண்டார்.

அந்தப் போட்டோவை அவரே சட்டம் போட்டு முன்னறையில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களிடம், “பொண்ணோட எக்சிபிஷன்” என்று பெருமையாகக் காட்டுவார். படத்தில் அப்பா சிரிக்கிறார். தோளுக்கு மேலே, ஓர் எழுத்துகூட மறையாமல், ‘மாரை அடைக்கறது, யார்ட்ட சொல்றது’ என்று இருக்கிறது. அதன் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு தினமும் பேப்பர் வாசிக்கிறார்.