அக்கா பக்கத்துச் சுவிட்ச்

போன வாரம் கல்யாண வீட்டுப் பந்தியில் சின்னவள் என் காதுக்குள் கேட்டாள்: “அப்பா, அத்தை கழுத்துல எதுக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சாவி தொங்குது?” மண்டபம் முழுக்கத் தங்கம் மினுங்கிக்கொண்டிருக்க, என் அக்கா கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறும், அதில் கட்டைவிரல் நீளச் சிவப்புச் சாவியும் மட்டும் கிடந்தன. பாயசம் ஊற்றுகிற சத்தத்தில் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. மக்கா, அதனால்தான் நீங்கள் ரெண்டு பேரும் வாசிக்க இதை எழுதுகிறேன்.

அந்தச் சாவி உங்கள் மாமாவின் வண்டியைச் சேர்ந்தது. நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். வளைகுடாவில் பாலைவனத்துப் பட்டறை ஒன்றில் அத்தானுக்கு வேலை. மணல்மேட்டில் ஏறி விளையாட வருகிறவர்களின் வண்டிகளுக்கு மணல் தட்டி, லைட்டு மாட்டிக் கொடுக்க வேண்டும். ஊருக்கு வந்தவர் அதே சாதி வண்டி ஒன்றை, எங்கோ எஸ்டேட்டில் ஓடிக் களைத்ததை, வாங்கி வந்துவிட்டார். கதவு கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு சீட்டு, தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூடு, தடித்த சக்கரம், பின்னால் ஒரு சின்னத் தொட்டி. துள்ளித் துள்ளிப் போகிறதென்று ஊரில் தவளை வண்டி என்றார்கள்.

அவர்களுடைய எலுமிச்சைத் தோட்டம் கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மழை பெய்தால் கரிசல் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். லோடு ஆட்டோ உள்ளே வராது, பறித்த காய் புளியங்குடி சந்தைக்குப் போகாமல் கிடந்து அழுகும். அதற்காகத்தான் தவளை வண்டி. ஆனால் வளைகுடாவிலிருந்து பழைய முதலாளி திரும்ப வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அத்தான் அக்காவிடம் சொன்னார்: “இந்த மழைக்காலம் பூரா வண்டி நிக்காமக் காய் ஏத்திட்டுன்னா நான் இங்கனயே இருந்துருதேன். இல்லன்னா விசாவுக்குச் சரின்னு சொல்லிருதேன்.” அன்றிலிருந்து அக்கா சாமிக்கு வைக்கிற பூவில் ஒரு கிள்ளு வண்டிக்கும் வைத்தாள்.

அத்தானுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. பக்கத்துத் தோட்டக்காரர் மருந்தடிக்கிற மோட்டாருக்கு ஒரு வயர் கேட்டார், இழுத்துக் கொடுத்தார். காய் பறிக்க வருகிற பெண்களுக்குக் காற்று வாங்க ஒரு காத்தாடி. ஆடு மேய்க்கிற பெரியவருக்குப் போன் சார்ஜ் போட ஒரு முனை. அதைப் பார்த்து இன்னும் நாலு பேருக்கு. முன்னால் பட்டை லைட்டு, சேற்றில் சிக்கிய வண்டியைக் கம்பிவடம் போட்டு இழுக்க ஒரு வின்ச். இத்தனையும் ஒரே ஒரு சின்ன பேட்டரியிலிருந்து. வண்டியைக் கிளப்புவதற்கும் அதே பேட்டரிதான்.

ஐப்பசியில் நல்ல மழை. காயை ஏற்றிக்கொண்டு அத்தானும் அக்காவும் ஓடைக்கு வந்தால், வேறொருவரின் லோடு ஆட்டோ சேற்றில் புதைந்து கிடக்கிறது. அத்தான் வின்ச் போட்டார். இரைச்சலில் அந்த டிரைவர் பேசுவது கேட்கவில்லை என்று என்ஜினை நிறுத்திவிட்டுப் போட்டார். ஆட்டோ மேடேறியது. “அண்ணாச்சி, நீங்க நல்லா இருக்கணும்!” என்று கும்பிட்டுவிட்டு அவன் சந்தைக்குப் போய்விட்டான். அத்தான் சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்; பேட்டரி காலி.

மழையில் மூட்டைகள் ஊற, அக்கா சொன்னாளாம்: “எல்லாத்துக்கும் கரண்டு குடுத்தீயளே, நமக்குன்னு ஒரு சொட்டு வச்சீயளா?”

அன்றைக்கே அத்தான் பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து டிவி மேல் வைத்துவிட்டார். அக்கா எனக்குப் போன் போட்டாள். “ஏலே தம்பி, உங்க கடையில இருக்கதுலயே பெரிய பேட்டரியா ஒண்ணு எடுத்து வை. நாளைக்கு வண்டியும் வருது, உங்க அத்தானும் வாராவ.”

சங்கரன்கோவிலில் நான் வேலை பார்க்கும் பேட்டரிக் கடை வாசலில் வண்டியை மினி லாரியிலிருந்து இறக்கினோம். பேட்டரி முனையில் வயர்கள் சேவு பிழிந்த மாதிரி சுற்றிக் கிடந்தன. “இதுல எதை எடுக்க, எதை வைக்க? சொல்லுங்க அத்தான்” என்றேன். ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றையும் எடுக்க மனசு வரவில்லை. ஆட்டுக்காரர் வயரைப் பிடித்துக்கொண்டு மட்டும் சொன்னார்: “அவரு பேரன் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வளைகுடாவுலருந்து கூப்பிடுவான், மாப்ள. நானும் அப்படிக் கூப்பிட்டவன்தான். கரண்டு இல்லாம உங்க அக்கா போனு செத்துக் கெடக்கும். அந்தப் பொம்பளக் குரலு, சுவிட்ச் ஆஃப்னு சொல்லும் பாரு... அன்னைக்குச் சோறு எறங்காது.”

அக்கா கடைப் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “ஒண்ணையும் எடுக்காண்டாம் தம்பி” என்றாள்.

அப்படியே செய்தேன். பழைய பேட்டரி வண்டியைக் கிளப்ப மட்டும். அதை வேறெதுவும் தொடக்கூடாது. அக்கா உட்காருகிற சீட்டுக்கு அடியில் பெட்டி அடித்துப் பெரிய பேட்டரியை வைத்தேன். ஊராருக்கான வயர்கள் எல்லாம் அதிலிருந்துதான், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். என்ஜின் ஓடும்போது ரெண்டும் சார்ஜ் ஏறும், நின்றால் தானாகப் பிரிந்துவிடும். அந்த வயர்களை மொத்தமாக நிறுத்த ஒரு சுவிட்ச், கழற்றி எடுக்கிற சிவப்புச் சாவியோடு. அதை ஸ்டீயரிங் பக்கம் மாட்டப் போனேன்.

“அங்கன வைக்காதே. இங்கன வை” என்று அக்கா தன் சீட்டுக்குப் பக்கத்தில் காட்டினாள்.

“அப்ப நான் யாருக்காச்சும் குடுக்கணும்னா?” என்றார் அத்தான்.

“எங்கிட்டக் கேளுங்க. குடுக்கலாம்னா குடுப்பேன்.”

சாவியைக் கழற்றி, தாலிச் செயினில் கிடந்த ஊக்கில் மாட்டிக்கொண்டாள். அத்தான் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அதற்குப் பிறகு யார் வந்து எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்: “அக்காகிட்டக் கேளு வே!” அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கணும், அப்படியொரு நிம்மதி.

அந்த மழைக்காலத்தில் வண்டி அப்புறம் ஒருநாளும் நிற்கவில்லை. பாஸ்போர்ட் பெட்டிக்குள் போனது. அத்தான் போகவில்லை.

போன ஆவணியில் நெஞ்சுவலி வந்து அவர் போய்ச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். தாலியை வாங்கப் பெண்கள் வந்தபோது, அக்கா முதலில் ஊக்கைத் திறந்து சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். அப்புறம்தான் கழுத்தைக் குனித்தாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் அக்காவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இப்போது வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். ஆட்டுக்காரப் பெரியவர் போனை நீட்டினார். அக்கா ஸ்டீயரிங் சீட்டிலிருந்து இறங்கி, வண்டியை முன்பக்கமாகச் சுற்றி நடந்து, தான் முன்பு உட்கார்ந்த பக்கம் போய், கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றி, குனிந்து சாவியைப் போட்டுத் திருப்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. “சுவிட்சைக் கழற்றி உன் பக்கமா மாட்டித் தாரேன்க்கா, கொஞ்ச நேர வேலைதான்” என்றேன்.

“அது என் பக்கத்துலதானே இருக்கு, தம்பி” என்றாள்.

போன் சார்ஜ் ஏறுகிறதா என்று ஒருதடவை பார்த்துக்கொண்டாள். பிறகு மறுபடி வண்டியைச் சுற்றி நடந்து, அத்தான் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.