யசிந்தாவின் நெருப்புத்தடுப்பு

வாளி, புனல், மண்ணெண்ணெய் விளக்கு, வள்ளங்களுக்கு எண்ணெய்த் தாங்கி எல்லாம் யாழ்ப்பாணத்துக் குருநகரில் யசிந்தாவின் கையால் உருவாகும். கணவர் கிறகோரி கடலுக்குப் போவார்; இவர் வீட்டு முற்றத்தில் தகரம் வெட்டுவார். தொண்ணூற்றைந்தில் போரால் ஊரே இடம்பெயரும்வரை அந்த முற்றத்தில் சுத்தியல் சத்தம் நிற்கவில்லை. அந்த வேலை செய்த வேறொரு பெண்ணை நான் கண்டதில்லை.

எண்பத்து மூன்று மாசியில் அவரைத் தேடிப் போனேன். எனக்குப் பருத்தித்துறையில் கார் திருத்தும் கராச். பழைய மினி கார் ஒன்றைப் பந்தயத்துக்காக மாற்றிக்கொண்டிருந்தேன். மினியில் பெற்றோல் தாங்கி டிக்கிக்குள் இருக்கும். அதற்கும் ஓட்டுபவனுக்கும் நடுவில் இருப்பது ஓட்டைகள் விழுந்த ஒரு தகடுதான். அதைக் காற்றுப் புகாமல் அடைத்தால்தான் பந்தயத்தில் ஓட விடுவார்கள்.

நான் கொண்டுபோன அலுமினியத் தகட்டை அவர் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார்.

"இது நெருப்புக்கு நிக்காது தம்பி. இரும்புத் தகடு கொண்டு வாங்கோ."

"பாரம் கூடுமே அக்கா?"

"பாரம் கூடினால் கடைசியா வருவியள். ஆனால் வந்து சேருவியள்."

இரும்புத் தகட்டோடு காரையும் அவர் முற்றத்துக்கு ஓட்டிப் போனேன். அதன் வளைவுகளுக்குக் கடதாசி மட்டையில் அச்சு வெட்டினார். அதை வைத்துத் தகட்டை வெட்டி, ஓரங்களை இரட்டையாக மடித்து, ஆணி வைத்து அடித்தார். ஈயம் பற்றவைப்பதில் பெயரெடுத்தவர், இதில் துளி ஈயம் வைக்கவில்லை, உருகிவிடும் என்றார். வயர் போகும் துளையைச் சுற்றி, கிறகோரியின் வள்ளத்துப் புகைக்குழாய்க்குக் கட்டும் சூடுதாங்கி நாடாவை இறுக்கினார்.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் உச்சி வெயிலில் டிக்கியைத் திறந்து விட்டார். காரின் கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் மூடி, என்னையும் உள்ளே கூப்பிட்டார். கண் இருட்டுக்குப் பழகியதும் பார்த்தேன். அந்தத் தகட்டில் ஐந்து வெளிச்சப் பொட்டுகள், வானத்தில் வெள்ளிகள் பூத்த மாதிரி. பத்து வருடம் கார் பழுதுபார்த்தும் இப்படிச் சோதிக்க எனக்குத் தோன்றியதில்லை. அவர் ஒவ்வொன்றையும் சோக்கட்டியால் வட்டமிட்டு அடைத்தார். பிறகு பெற்றோல் தாங்கியைக் கழற்றச் சொல்லி, டிக்கிக்குள் சாம்பிராணிப் புகை போட்டு மூடிவிட்டு, தான் மட்டும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். வேர்த்து ஒழுகி இறங்கும்போது, "ஒரு பொட்டுச் சாம்பிராணியும் மணக்கேல்லை" என்றார்.

சித்திரையில் தெற்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில் பந்தயம். நான்காம் சுற்றில் பின்னால் வந்த கார் என்னை இடித்தது. சுழன்று நின்றபோது பின்கண்ணாடி முழுக்க நெருப்புச் சிவப்பு. என்னைக் கட்டியிருந்த இடுப்புப் பட்டி கழலவில்லை. முதுகில் சூடு தெரிந்தது, ஆனால் சுடவில்லை. யாரோ பட்டியை வெட்டி என்னை வெளியே இழுத்தார்கள். தீயை அணைத்த பிறகு பார்த்தேன்: டிக்கி மூடி வாழைச்சருகு போலச் சுருண்டிருந்தது. என் சட்டையில் ஒரு கருகலும் இல்லை.

அந்தத் தகட்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து யசிந்தாவின் முற்றத்தில் வைத்தேன். நன்றி சொல்லத்தான் போனேன். அதற்கு முன் அவர் கேட்டார்.

"எவ்வளவு நேரம் எரிஞ்சது?"

"ஒரு நிமிஷத்துக்கு மேலை, அக்கா."

அவர் தகட்டைத் திருப்பி, நான் இருந்த பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். இடது மூலையில் விரல் நின்றது. மயிர்த் தடிப்பில் ஒரு கரிக்கோடு.

"இஞ்சை பாருங்கோ. புகை வந்திருக்கு."

"அக்கா, நான் உயிரோடை நிக்கிறன்."

"ஓம், அது மாதா பாத்தது. இது நான் விட்ட பிழை."

சுத்தியலை எடுத்தார். இனி எந்தக் காரிலும் ஏறப்போகாத அந்தத் தகட்டின் மூலையை மறுபடி மடித்து அடிக்கத் தொடங்கினார்.