பொம்மையோடு பேசாத தாதி

லண்டன் செவன் கிங்ஸ் வீட்டு ஹோலில் அன்று இருந்தது மூன்று பேர்: நான், என்னோடு வீட்டில் இருக்கிற பிரான்சிஸ் அண்ணை, சோபாவில் நோயாளியாகக் கிடத்தியிருந்த ஒரு தலையணை. இல்லாதவர்கள் இரண்டு பேர்: அமெரிக்காவில் இருக்கிற ஜெனிற்றா, யாழ்ப்பாணம் குருநகரில் மீன்பிடிக்கிற அப்பா. வீடியோ கோல் எடுத்தாலும் அப்பா போனைக் காதிலேதான் வைப்பார். அதனால் நான் அவரைப் பார்த்ததைவிட அவருடைய காதைப் பார்த்ததுதான் அதிகம்.

நான் தலையணையிடம், உங்களை எப்படிக் கூப்பிட விரும்புகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பரீட்சையில் அப்படித்தான் கேட்கவேண்டும். இன்னும் இரண்டு மாதத்தில் தாதியாகப் பதிவு கிடைக்காவிட்டால் வேலையும் விசாவும் போய்விடும். ஒருமுறை தோற்றுமாயிற்று. மூன்று வருசம் யாழ்ப்பாணத்தில் ஊசி போட்டவனுக்கு, கை கழுவத் தெரியுமா என்று இங்கே பரீட்சை வைத்தார்கள். கை கழுவுவதில் பாஸ். பேசுவதில்தான் பெயில்.

ஊரில் எங்கள் வார்டில் கட்டிலிலும் ஆள், கட்டிலுக்குக் கீழும் ஆள். பேச நேரம் ஏது? முகத்தைப் பார்த்தே நோவை அறிந்துகொள்வோம். அந்தப் பழக்கத்தில், பரீட்சையில் நோயாளி என்று கிடத்தியிருந்த பொம்மைக்கும் வாய் திறக்காமல் பிரஷர் பார்த்து, மருந்து கொடுத்து, போர்வையையும் இழுத்துவிட்டேன். வலிக்கிறதா என்று ஏன் கேட்கவில்லை என்றார் பரீட்சகர் அம்மா. நானும் உண்மையையே சொன்னேன்: "வலித்தால் முகத்தில் தெரியும், மேடம். இவருக்கு முகம் மாறவில்லை." நக்கல் என்று நினைத்திருக்கவேண்டும். பேனை கொஞ்சம் நின்று, பிறகு நிறைய எழுதியது.

நான் பெயிலான அந்தக் கிழமைதான் ஜெனிற்றா போனில் வந்தாள். என்னோடு ஒரே வகுப்பில், ஒரே ரீச்சரிடம் படித்தவள். ஒரு மாநிலத்துத் தாதி லைசென்ஸை மற்ற மாநிலங்களும் ஏற்கிற ஒப்பந்தம் ஒன்று அங்கே இருக்கிறதாம்; அவளுடைய மாநிலமும் இப்போது அதில் சேர்ந்துவிட்டதாம். ஒரே லைசென்ஸோடு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாநிலத்திலும் வேலை செய்கிறாளாம்; இன்னொரு பரீட்சை இல்லை. பாலத்தில் காரை நிறுத்திப் படமும் அனுப்பினாள். எனக்கு எரிந்தது. பாரிஸில் பத்து வருசம் குழாய் பூட்டிவிட்டு லண்டனுக்கு வந்த பிரான்சிஸ் அண்ணைதான், மனிசருடைய உடம்பு என்ன, நாட்டுக்கு நாடு சைஸ் மாறுகிற பைப்பா என்று எனக்காகக் கோபப்பட்டார்.

இப்போது தலையணைக்கு முன்னால் நான் வெட்கப்பட்டு நிற்க, அவர் சொன்னார்: "கோயில்ல அந்தோனியாற்ற சுரூபத்தோட மணிக்கணக்காக் கதைக்கிறனீ. அவர் என்ன, ஓம் எண்டு திருப்பிச் சொல்றவரோ?"

இரண்டாம் முறை அந்தப் பொம்மையை அந்தோனியாராகவே நினைத்துக்கொண்டேன். வலி கேட்டேன், அனுமதி கேட்டேன், போர்வை போதுமா என்றும் கேட்டேன். நேர்த்திக்கடன் ஒன்றுதான் வைக்கவில்லை. பாஸ்.

அப்பாவுக்குச் சொன்னபோது அந்தக் காது போனுக்கு இன்னும் கிட்ட வந்தது. பிறகு கேட்டார்: "அப்ப, நீ இஞ்ச வந்தாலும் வேலை செய்யேலுமோ?"

இலங்கையில் தாதியாக வேலை செய்கிற ஊர்ப் பதிவு அந்த மாதத்தோடு முடிகிறது, போகட்டும் என்று புதுப்பிக்காமல் விட்டிருந்தேன். அதையும் சொன்னேன். கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கிற மனிசர், கடலுக்குப் போகாமல், வீட்டில் இருந்த என் பைலைத் தூக்கிக்கொண்டு அதைப் புதுப்பிக்கக் கொழும்புக்கு பஸ் ஏறினார்.

லண்டன் பதிவு இலக்கம் இப்போது என் சட்டைப் பையில். ஊர்ப் பதிவின் பற்றுச்சீட்டு, குருநகர் வீட்டில் அந்தோனியார் படத்துக்குப் பின்னால். ஜெனிற்றாவுக்கு ஒன்று போதும், எனக்கு இரண்டு. செலவு: மறுபரீட்சைக்கும் ரயிலுக்கும் நானூற்று அறுபத்திரண்டு பவுண்ஸ்; கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் ஏழாயிரத்து எண்ணூறு ரூபா; அப்பாவுக்கு மூன்று நாள் கடல்.