மேசை போனில் நான் கும்பிடும் படம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கொழிஞ்சாம்பாறையில் மேசைக்கு மேசை திரை வைத்த போன் மாட்டிய முதல் எண்ணெய் மில் என்னுடையதுதான். பொள்ளாச்சி வியாபாரிகள் வந்தால் கொப்பரையைக் காட்டுவதற்கு முன்னால் அதைத்தான் காட்டுவேன். என் அறைக் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு. ஆபீஸ் போன் எல்லாவற்றிலும் கை கூப்பிக் கும்பிடும் என் படம் வரும், கீழே "இனிய நாள்" என்று. மாட்டிவிட்டுப் போனவர், "அனுப்புனா உடனே மாறாதுங்க. ஒவ்வொரு போனும் அதுவாப் புதுசு கேக்கறப்பத்தான் மாறும்" என்றார்.

"மாடு மேய்ச்சு மில்லுக் கட்டுனவனுக்கு இது தெரியாதுங்களா?" என்று அவர் வாயை அடைத்தேன்.

போன வருஷம் ஒரு காலையில், கணக்கெழுதும் பெண்ணின் அண்ணன் கூப்பிட்டார். "அப்பா போயிட்டாருங்க ஐயா. தங்கச்சிகிட்டச் சொல்லீராதீங்க. முடியலைன்னு மட்டும் சொல்லி அனுப்பியுடுங்க."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெற்றவர் சாவை வழியில் வைத்துச் சொல்லமாட்டோம். வீடு போய்ச் சேரும்வரை காய்ச்சல்தான். வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் தானாகப் புரிய வேண்டும், தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும் இடத்தில். என் அப்பா போன அன்றைக்கு என்னையும் சந்தையிலிருந்து அப்படித்தான் கூட்டிப்போனார்கள்.

"அம்மிணி, அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலையாமா. நம்ம கார்ல போயிட்டு வா" என்றேன்.

"காலைல நல்லாத்தானுங்க இருந்தாரு" என்றபடி வெளியே போனாள்.

மில்லை மூட வேண்டும். வாயால் சொன்னால் முடிந்தது. என்னிடம்தான் திரை இருக்கிறதே! கறுப்புக் கட்டம் போட்டு, "நமது கணக்கரின் தந்தை காலமானார். இன்று மில் விடுமுறை" என்று ஒற்றை விரலால் அடித்து எல்லாப் போனுக்கும் தள்ளினேன். பிழையில்லாமல் அடித்த பெருமை வேறு. திரையில் எப்படி இருக்கிறதென்று பார்க்க எழுந்து வந்தேன்.

அவள் தன் மேசையருகே நின்றிருந்தாள். மறந்துபோன மத்தியானச் சோத்துப் போசியை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள்.

"முடியலைன்னுதானுங்க சொன்னீங்க?"

அறைக்குள் ஓடிப் பழைய படத்தையே மறுபடி தள்ளினேன். திரும்பி வந்தால் மற்ற மேசைகளில் மாறியிருந்தது. அவள் போனில் கறுப்புக் கட்டம் அப்படியே. உள்ளங்கையால் மறைத்தேன். விரலிடுக்கில் எழுத்துத் தெரிந்தது. கையை எடுத்த நேரம் பார்த்து அதுவும் மாறியது. பல்லெல்லாம் தெரிய, நான். இனிய நாள்.

அவள் போசியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் ஏறினாள்.

நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, சாவு வீட்டு வாசலிலேயே டிரைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். மில்லில் அவர் காரை விட்டு இறங்கவே இல்லை. ஆபீசுக்குள் நடந்தது அவருக்குத் தெரியாது. "காச்சல்தான் அம்மிணின்னு சொல்லிச் சொல்லியே கூட்டியாந்தனுங்க. சரிங்கண்ணா, சரிங்கண்ணான்னு வந்துச்சு. பாவம், ஊடு வர்ற வரைக்கும் ஒண்ணுமே தெரியலீங்க."

கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் என் பக்கம் வந்தார். "சொன்னபடி காப்பாத்துனீங்க ஐயா. பெரிய மனசுங்க" என்று கை கூப்பினார்.

அப்பாவின் தலைமாட்டிலிருந்து அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கமே திரும்பிக்கொண்டாள். நான் கும்பிட்டேன், அந்தப் படத்தில் இருப்பது போலவே.