வாப்பா கொண்டுவந்த கார்ட்டூன்

எங்கள் தெருவில் யாராவது துபாயிலிருந்து வந்து இறங்கினால் அன்றைக்கே பெட்டியைப் பிரித்துவிடக் கூடாது. அது அவசரக் குடுக்கைகளின் வேலை. மறுநாள் காலை எல்லோரும் பசியாறி, சொந்தபந்தமெல்லாம் வந்து, வேறு எதற்கோ வந்தவர்களைப் போல உட்கார்ந்து, பெட்டியைப் பார்க்காமலேயே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் கயிற்றை அறுப்பார்கள். மேலப்பாளையத்தில் இதற்கு யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் மீறியவர்களையும் நான் பார்த்ததில்லை.

வாப்பா அந்த வருஷம் வந்தபோது எனக்குப் பத்து வயது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவு. வருவதற்கு முன்னால் போனில் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. கார்ட்டூன் டிவிடி என்றேன். போனை வைத்த கையோடு தெருவுக்கு ஓடி, எங்கள் வாப்பா ஒரு பெட்டி நிறையக் கார்ட்டூன் கொண்டுவருகிறார்கள், எல்லோரும் எங்கள் வீட்டில்தான் பார்க்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டேன். போனில் ஒன்று என்றுதான் சொல்லியிருந்தேன். அது தெருவுக்கு வருவதற்குள் ஒரு பெட்டியாகிவிட்டது. அந்த வயதில் நான் சொன்ன பொய்களெல்லாம் வளர்ச்சி சார்ந்தவை.

பெட்டியிலிருந்து சோப்புக் கட்டிகள், தைலம், சென்ட் பாட்டில், பால்பவுடர் டின் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அடியில் ஒரு கனமான அட்டைப் பெட்டி, அதற்குள் ஆறு டிவிடி. மேலே ஒரு முயல் படம். முயலைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. இங்கிலீஷ் மீடியத்தில் எட்டாவது படித்துக்கொண்டிருந்த அண்ணன் அதை வாங்கி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த நாடுகளின் பெயரையெல்லாம் சத்தமாக வாசித்தான். போலந்து, கனடா, எஸ்தோனியா, ஜப்பான், ஈரான். உலகத்துக் கார்ட்டூனெல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டது என்று மாமி ஆச்சரியப்பட்டாள். மாமி என்றால் வாப்பாவின் அக்கா. எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பாடும் முடிந்த பிறகு தெருப் பிள்ளைகள் பதினைந்து பேர் எங்கள் முன்னறையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் டிவிக்குப் பக்கத்தில், படத்தை எடுத்தவளே நான்தான் என்கிற பாவனையில் நின்றேன். வாப்பா பின்னால் நாற்காலியில். மாமி கதவோரம் இலையும் தூளும் பரப்பிய சுளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் டிவிடியைப் போட்டான்.

கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று வந்தது. துடித்தது. இரண்டாக ஆனது. எங்கேயோ மேளம் அடித்தார்கள். கோடுகள் மழை மாதிரி விழுந்தன, அப்புறம் பச்சையாயின, அப்புறம் புள்ளிகளாயின. முயல் வரவில்லை. இரண்டு நிமிஷம் எல்லோரும் பொறுத்தார்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பையன் எழுந்துபோய் பிளேயரின் தலையில் ஒரு தட்டு தட்டினான். கோடுகள் நிற்கவில்லை. அண்ணன் டிவிடியை வெளியே எடுத்து, பனியனில் துடைத்து, மறுபடி போட்டான். மறுபடியும் அதே கோடு, அதே மேளம். படமே அதுதான் என்று எங்களுக்குப் புரிந்தபோது படம் முடிந்துவிட்டது.

அடுத்தது மணல். வெளிச்சத்தின் மேல் மணலைக் கொட்டி, விரலால் விலக்கி விலக்கி எடுத்த படம். ஒரு பெண் தலை வாரினாள். முடி ஆறாக ஓடியது, ஆற்றில் ஒரு குதிரை நீந்தியது, குதிரை கரையேறிக் கிழவியானது. படத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கடுத்தது களிமண் மனிதன். அவன் சுவரில் படம் மாட்ட ஆணி அடித்தான். ஆணி மறுபக்கம் போய் அடுத்த வீட்டுக்காரனின் தொப்பியைக் குத்தியது. அவன் திருப்பி அடித்தான். இவன் அடிக்க, அவன் அடிக்க, கடைசியில் சுவரே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. ஆணி மட்டும் அந்தரத்தில் நின்றது. களிமண் மனிதன் அதில் படத்தை மாட்டி, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரித்தது மாமி மட்டும்தான். சுவர் இல்லாமல் ஆணி எப்படி நிற்கும் என்று அண்ணன் அறிவியல் பேசினான். பிள்ளைகள் ஒவ்வொருவராக, வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி எழுந்து போனார்கள். யார் வீட்டிலும் யாரும் கூப்பிடவில்லை. வாசலைத் தாண்டியதும் அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாகக் கேட்டது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். வாப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, மணல் படம் முடிந்து களிமண் முடிந்து நான்காவதாக வந்த காகிதப் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், ஏமாந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வாப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. முயலைப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள், கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான். இரண்டு வருஷம் கழித்து மகள் கேட்ட ஒரே பொருள், அதுவும் தப்பாகப் போய்விட்டது என்று தெரிந்தால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? அந்த நிமிஷத்தில் நான் ஒரு முடிவு எடுத்தேன். வாப்பா திரும்பி விமானம் ஏறுகிற வரைக்கும் இந்த உண்மை அவர்களுக்குத் தெரியக் கூடாது. அழுகையை முழுங்கிவிட்டு, சூப்பர் வாப்பா என்று கையைத் தட்டினேன்.

"புடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார்கள். முகம் அப்படியே விரிந்துவிட்டது.

அந்த முகத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. தினமும் மதியம் லுஹர் தொழுது, சாப்பிட்டு வந்ததும் வாப்பா என்னைக் கூப்பிடுவார்கள். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்கிற வரை இருவரும் படம் பார்ப்போம். கண்ணாடியில் எண்ணெய்ச் சாயம் தீட்டி எடுத்த கடல், கம்பளி நூலில் செய்த ஆடு, பென்சில் கோட்டிலேயே நடந்து தேய்ந்துபோகிற ஒரு மனிதன். எனக்கு ஒன்றும் விளங்காது. வாப்பா சிரித்தால் சிரிப்பேன், உச்சுக் கொட்டினால் கொட்டுவேன். கரண்ட் போனால் வாப்பா வருத்தப்படுவார்கள், நான் அவர்களைவிட அதிகமாக வருத்தப்படுவேன்.

மாமிக்கு இந்த நடிப்பெல்லாம் தேவைப்படவில்லை. அவளுக்கு உண்மையாகவே பிடித்துவிட்டது. கண் டிவியில் இருக்கும், விரல்கள் தம்பாட்டுக்கு இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூலைக் கட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் மணல் படம் ஓடும்போது சட்டென்று கையை நிறுத்தினாள்.

"ஏ புள்ள, அங்கன பாரு. பழசை அழிச்சிட்டுப் புதுசு போட்டுருக்கான். அழிச்ச தடம் லேசாத் தெரியுது பாரு. குதிரை ஒரு எட்டு வைக்க எத்தனை தடவை அழிச்சானோ! குனிஞ்சே கெடந்திருப்பான், முதுகு என்னத்துக்கு ஆவும்?"

களிமண் மனிதனின் கன்னத்தில் பெருவிரல் ரேகை பதிந்திருப்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு தடவை கன்னம் அசையும்போதும் ரேகை மாறியது. இப்போது நான் இந்தமாதிரிப் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறவள். இவற்றைப் பற்றிப் பெரிய படிப்பாளிகள் எழுதியதையும் வாசிக்கிறேன். வினாடிக்கு இத்தனை படம், அதற்கு இத்தனை நாள் உழைப்பு என்று அவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றிய மாமி அவன் முதுகைப் பற்றிக் கேட்டதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் ஒரு வாரம் போனதும் வாப்பா ஒரு கேள்வி கேட்டார்கள். உன் கூட்டாளிகளெல்லாம் ஏன் வருவதில்லை? பரீட்சை என்றேன். பரீட்சை இல்லை என்று அண்ணன் சொல்வதற்குள் அவன் காலை மிதித்தேன். மறுநாளே பிள்ளைகளைத் திரட்ட இறங்கினேன்.

பெட்டியில் வந்த ஒரு தகர டப்பா நிறைய மிட்டாய், பளபளக்கும் தாள் சுற்றியது, சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக உம்மா அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். சாவி எங்கே என்று தெரியாதவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. தெருமுனையில் பிள்ளைகளை நிறுத்தி என் நிபந்தனையைச் சொன்னேன். படத்துக்கு வர வேண்டும், பாதியில் எழுந்து போகக் கூடாது, முடிந்ததும் கைதட்ட வேண்டும். வெளியே வந்ததும் ஆளுக்கொரு மிட்டாய். அன்று எட்டுப் பேர் வந்தார்கள். செய்தி பரவி மறுநாள் பதினெட்டுப் பேர். எஸ்தோனியாவிலோ போலந்திலோ எந்தக் கலைஞனுக்கும் கிடைத்திருக்காத கைதட்டல் அந்த வாரம் எங்கள் முன்னறையில் கிடைத்தது. கோடு துடித்து முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். சில பேர் விசிலும் அடித்தார்கள். வாப்பா எல்லோரையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். மாமி மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பத்து நாளில் டப்பா காலி. உம்மாவுக்குத் தெரியவந்து முதுகில் இரண்டு வைத்தாள், அதுகூடப் பெரிதில்லை. அன்றைக்கு மிட்டாய் இல்லை என்று தெரியாமல் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். படம் முடிந்தது, கைதட்டியும் ஆயிற்று. எல்லோரும் வாசலில் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நாளைக்குத் தருகிறேன் என்றேன். எதிர்வீட்டுச் சின்னவளுக்கு ஆறு வயது இருக்கும். அவள் என்னோடு பேசிப் பயனில்லை என்று நினைத்தாளோ என்னவோ, நேரே உள்ளே போய் வாப்பாவின் முன்னால் நின்றாள்.

"மாமா, மிட்டாய் இல்லன்னா நாங்க இனி வரமாட்டோம். இந்தப் படம் நல்லாவே இல்ல."

மற்ற பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு நாள் பொத்திப் பொத்திக் காத்தது இப்படி உடைந்துவிட்டதே! வாப்பா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தேன்.

வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவளைத் தூக்கிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவளிடம் சொல்கிறமாதிரி எல்லோருக்கும் சொன்னார்கள்.

"தெரியும்மா. எனக்கும் மொத தடவ புடிக்கல. நாங்க கூட்டுத ஹால்ல மாசாமாசம் இதான் போடுவான். வெளக்கமாத்தப் புடிச்சிக்கிட்டு பின்னால நின்னு பாப்பேன். பாக்கப் பாக்கத்தான் புடிச்சிது. அங்கன எல்லாரும் சிரிக்கும்போது நானும் சேந்து சிரிப்பேன்லா. அதான் தேடிப் புடிச்சி வாங்குனேன்."

கூட்டுகிற ஹால் என்ற இடத்திலேயே என் காது நின்றுவிட்டது. அதுவரை வாப்பா என்ன வேலை என்று யார் கேட்டாலும், கம்பெனியில் இருக்கிறார்கள் என்போம். என்ன கம்பெனி, அதில் என்ன செய்கிறார்கள் என்று நாங்களும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. இப்போது தெருவே நிற்கும்போது இப்படிப் போட்டு உடைத்துவிட்டார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளைகளை வெளியே தள்ளிக்கொண்டு போய், எங்கள் வாப்பா கூட்டுகிறவர்களுக்கெல்லாம் மேனேஜர் என்று அடித்துச் சொன்னேன். மீதியை அவர்கள் கேட்டார்களோ இல்லையோ, நான் கேட்கவில்லை. தப்பான டிவிடி வாங்கியதை மறைக்க வாப்பா ஒரு சமாளிப்புச் சமாளிக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெரிய மனசு பண்ணி அவர்களை மன்னித்தேன். லீவு முடிகிறவரை தினமும் பக்கத்தில் உட்கார்ந்து அதே படங்களைப் பார்த்து அதே இடங்களில் சிரித்துவைத்தேன்.

போன வருஷம் வேலைக்காக நான் ஐரோப்பாவில் ஒரு குளிர்ந்த ஊருக்குப் போனேன். ஆபீஸில் எல்லோரும் நல்லவர்கள். மதியச் சாப்பாட்டு மேஜையில் அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிக் கொல்லென்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முதலில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, அப்புறம் சிரிப்பேன். அரை வினாடிதான் பிந்தும். யாராவது இரக்கப்பட்டு எனக்கு இங்கிலீஷில் விளக்குவார்கள். விளக்கி முடிப்பதற்குள் மேஜை அடுத்த சிரிப்புக்குப் போயிருக்கும். நான்கு மாதத்தில் அது எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் அந்த ஊரில் இப்படிப்பட்ட படங்களின் விழா நடந்தது. போய் உட்கார்ந்தேன். காகிதத்தில் வெட்டிய ஒரு கொழுத்த மாடு லிஃப்டில் ஏறப் பார்த்தது. தலை நுழைந்தால் பின்பக்கம் நுழையவில்லை, பின்பக்கத்தை விட்டுப் பார்த்தால் கொம்பு இடித்தது. கடைசியில் மாடு தன்னைத்தானே நாலாக மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஒரு வார்த்தை கிடையாது. அரங்கமே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். யார் முகத்தையும் பார்க்காமல், அவர்களோடு, அதே நொடியில். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் பயந்துபோய்க் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

எனக்கு நான்கு மாதம். வாப்பாவுக்குப் பத்தொன்பது வருஷம். சுற்றிலும் யார் யாரோ என்னென்னவோ மொழியில் சிரித்துக்கொண்டிருந்த ஊரில், யாரிடமும் அர்த்தம் கேட்காமல் சிரிக்கக் கிடைத்த சிரிப்பு அது ஒன்றுதான். அதைத்தான் மகளுக்கென்று தேடி வாங்கி, சோப்புக்கும் பால்பவுடருக்கும் அடியில் பத்திரமாக வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் அதற்கு மிட்டாய் கொடுத்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன்.